'நேக்கட் கன்' மறுவருகை: சிரிக்காத முகங்களை வைத்து நடக்கும் சிரிப்புத் தொழில்

மூன்றாவது பாகம் வந்தது 1994 மார்ச்சில். நான்காவது பாகம் வந்தது 2025 ஆகஸ்ட் 1 அன்று. நடுவில் 31 வருஷம். அதற்குள் கதாநாயகன் லெஸ்லி நீல்சன் இறந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜிம் ஏப்ரஹாம்ஸ் 2024 நவம்பரில் காலமாகிவிட்டார். இன்னொருவரான டேவிட் ஸக்கர் புதுப்படத்தின் பக்கமே வரவில்லை. அதாவது, 'தி நேக்கட் கன்' என்ற பெயரைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்ட நிலையில்தான் பாராமவுண்ட் ஸ்டூடியோ இந்தப் படத்தை எடுத்தது.

பழைய பெயரில் புதுப்படம் எடுப்பது ஹாலிவுட்டுக்குத் தினசரி வேலைதான். டைனோசரை மறுபடி ஓட விடலாம், பேயை மறுபடி எழுப்பலாம். ஆனால் ஸ்பூஃப் படத்தை மறுபடி எடுப்பது அப்படி இல்லை. ஸ்பூஃப் என்பது இன்னொரு படத்தின் மீது ஏறி உட்கார்ந்து சவாரி செய்யும் படம். அந்த இன்னொரு படம் ஜனங்களுக்கு மறந்துபோனால், சவாரி செய்ய ஏதும் இருக்காது.

அப்படியும் இந்தப் படம் விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது, உலகம் முழுக்க 10 கோடி டாலரைத் தாண்டியது. இது எப்படி நடந்தது? அந்த 10 கோடிக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

ஸ்பூஃப்னா சரியாக என்ன?

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டாம். விஜய் டிவியில் வந்த 'லொள்ளு சபா' பார்த்திருப்பீர்கள். அதையே இரண்டரை மணி நேரத்துக்கு, தியேட்டர் அளவில் செய்தது 2010-ல் வந்த 'தமிழ்ப் படம்'. இயக்குநர் சி.எஸ். அமுதன், ஹீரோ சிவா. கல்லூரி மாணவர்களாக வெண்ணிற ஆடை மூர்த்தியும் மனோபாலாவும் எம்.எஸ். பாஸ்கரும் வந்து நின்றதும் தியேட்டர் சிரித்தது. ஏனென்றால் நாற்பதைத் தாண்டிய ஹீரோக்கள் தோளில் பையோடு காலேஜுக்குப் போவதை அந்தத் தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் அதற்கு முன் சீரியஸாகப் பார்த்திருந்தார்கள்.

அந்த 'அத்தனை பேரும்' என்பதுதான் முக்கியம். ஜோக்கில் பாதி திரையில் இருக்கிறது. மீதி பாதி பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி, 'தமிழ்ப் பட'த்தின் தெலுங்கு வடிவம். 2012-ல் அல்லரி நரேஷ் நடிக்க 'சுடிகாடு' என்று எடுத்தார்கள். கதைச் சட்டகம் அதேதான். ஆனால் கிண்டலடித்த படங்கள் எல்லாம் தெலுங்குப் படங்கள். காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்திருந்தால் விஜயவாடாவில் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போவதற்கே இவ்வளவு மாற்றம் வேண்டும் என்றால், 31 வருஷம் தள்ளி இருக்கும் ரசிகரிடம் போவதற்கு எவ்வளவு வேண்டும்?

ஆறே எபிசோடில் நிறுத்தப்பட்ட ஒரு சீரியல்

கதை தொடங்குவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். டேவிட் ஸக்கர், அவர் தம்பி ஜெர்ரி ஸக்கர், நண்பர் ஜிம் ஏப்ரஹாம்ஸ். சினிமா உலகம் இவர்களைச் சுருக்கமாக 'ஸாஸ்' என்று சொல்லும். மூன்று பேரும் மேடையில் காமெடி நிகழ்ச்சி நடத்தினார்கள். விளம்பரங்களைக் கிண்டல் செய்வதற்காக ராத்திரி முழுக்க டிவியை ரெக்கார்டரில் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அப்படி ஒரு ராத்திரியில் தற்செயலாகப் பதிவானது 'ஸீரோ அவர்!' என்ற 1957-ஆம் ஆண்டுப் படம். விமானத்தில் சாப்பிட்ட மீனால் பைலட்டுகள் மயங்கி விழ, போர் நினைவுகளால் நொறுங்கிப் போயிருக்கும் பழைய ராணுவ விமானி ஒருவர் விமானத்தை இறக்க வேண்டும். படம் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், முழு சீரியஸாக எடுக்கப்பட்டது. மூவருக்கும் அதுவே காமெடியாகத் தெரிந்தது. அந்தப் படத்தின் உரிமையையே விலைக்கு வாங்கி, கதையைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு எடுத்ததுதான் 'ஏர்ப்ளேன்!' (1980). சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த படம், அமெரிக்கா, கனடாவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அந்த வெற்றியை வைத்து ஏபிசி சேனலுக்கு அவர்கள் செய்த சீரியல்தான் 'போலீஸ் ஸ்குவாட்!'. 1982-ல் வந்தது. 1950-களின் கறுப்பு வெள்ளை போலீஸ் தொடர்களைக் கிண்டல் செய்தது. டைட்டில் ஓடும்போதே அன்றைய 'சிறப்பு விருந்தினர்' நடிகரைச் சாகடித்துவிடுவார்கள். அவர் வேலை அதோடு முடிந்தது. எபிசோடின் பெயர் திரையில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும், அறிவிப்பாளர் வேறொன்றைச் சொல்வார். அந்தக் காலத் தொடர்கள் கடைசிக் காட்சியில் படத்தை உறைய வைத்துப் பெயர்களை ஓட விடும் இல்லையா? இதில் கேமரா உறையாது. நடிகர்கள் மட்டும் அசையாமல் நிற்பார்கள். பின்னால் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள், காபி வழிந்துகொண்டிருக்கும்.

ஆறு எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். அப்போதைய ஏபிசி தலைவர் சொன்ன காரணம் இன்றுவரை டிவி உலகில் ஒரு ஜோக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொடரை ரசிக்க வேண்டும் என்றால் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் பிரச்சினை என்றார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே காதில் வாங்கிப் பார்ப்பதுதான் அன்றைய டிவி. இந்தத் தொடரின் ஜோக்கோ திரையின் மூலையில் இருந்தது. நிமிர்ந்து பார்க்காதவருக்கு இது வெறும் சுமாரான போலீஸ் சீரியல்.

அதே ஃப்ராங்க் ட்ரெபின் கதாபாத்திரத்தை, அதே நீல்சனை வைத்து 1988-ல் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இருட்டு அறை, பெரிய திரை, கவனம் சிதற வழியில்லை. டிவியில் தோற்றது சினிமாவில் ஜெயித்தது. 1991-லும் 1994-லும் அடுத்த பாகங்கள் வந்தன.

முகம்தான் மூலதனம்

ஒரு சின்னப் பரிசோதனை. இதைப் படித்துப் பாருங்கள்.

"உங்க மேல ரெண்டு கேஸ் இருக்கு."

"மேல தண்ணி டேங்க்தான் சார் இருக்கு. கேஸ் கிச்சன்ல இருக்கு."

கடி ஜோக்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வரியைக் கண்ணடித்துச் சொல்லும் ஒரு காமெடி நடிகரையும், நிஜமாகவே போலீசுக்கு உதவ நினைத்து அக்கறையாகச் சொல்லும் ஓர் அரசு அதிகாரியையும் கற்பனை செய்து பாருங்கள். இரண்டாமவர் சொன்னால்தான் கடி, காமெடியாக மாறும். நேக்கட் கன் வசனங்களில் பெரும்பாதி இந்த வகைதான். யாரோ வழக்கமாகச் சொல்லும் ஒரு சொற்றொடரை ட்ரெபின் நேரடி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, கடமையுணர்ச்சியோடு பதில் சொல்வார்.

'ஏர்ப்ளேன்!' எடுக்கும்போது இந்த விஷயத்தில் மூவரும் பிடிவாதமாக இருந்தார்கள். தெரிந்த காமெடி நடிகர்களைப் போடுவதுதான் ஸ்டூடியோவின் விருப்பம். இவர்கள் கேட்டது ராபர்ட் ஸ்டாக், லாய்ட் பிரிட்ஜஸ், பீட்டர் க்ரேவ்ஸ் போன்ற, ஆயுசு முழுக்க விறைப்பாக நடித்த ஆட்களை. பின்னணி இசையும் அப்படித்தான். எல்மர் பெர்ன்ஸ்டைன் அந்தப் படத்துக்குக் காமெடி இசை போடவில்லை, மிகையான சீரியஸ் படத்துக்குப் போடும் இசையைப் போட்டார்.

லெஸ்லி நீல்சன் அதுவரை காமெடியனே இல்லை. 'ஃபர்பிடன் ப்ளானட்' (1956) படத்தில் விண்கலத் தளபதி, 'தி போசைடன் அட்வெஞ்சர்' (1972) படத்தில் மூழ்கும் கப்பலின் கேப்டன். அறுபது வயதை ஒட்டி அவருக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. அதற்கான முதலீடு, முதல் முப்பது வருஷம் சிரிக்காமல் நடித்தது.

இந்த இடத்தில்தான் 2025 படம் எடுத்தவர்களின் முதல் சரியான முடிவு தெரிகிறது. 2013-ல் இதே தொடரை எட் ஹெல்ம்ஸை வைத்து மறுபடி எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 'தி ஹேங்ஓவர்' படங்களில் வந்த நல்ல காமெடி நடிகர். பிரச்சினையே அதுதான். அவர் முகத்தைப் பார்த்தால் ஜோக் வரப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தத் திட்டம் நடக்கவில்லை. பிறகு வந்தவர் லியாம் நீசன்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். 'டேக்கன்' (2008) படத்தில் போனிலேயே வில்லனை மிரட்டியவர். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷமாக ரயிலில், விமானத்தில், பனிச் சாலையில் என்று ஏறக்குறைய ஒரே பழிவாங்கும் மனிதராக நடித்துக்கொண்டிருப்பவர். ஒரு விதத்தில் நீசன் தன்னையே கிண்டல் செய்யப் பதினேழு வருஷம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று சொல்லலாம். படம் வெளியானபோது அவருக்கு வயது 73. குரல் அதேதான். அந்தக் குரலில் என்ன உளறினாலும் மிரட்டல் போலவே கேட்கிறது.

பமீலா ஆண்டர்சன் தேர்வும் இந்த வகைதான். அவரைப் பல வருஷம் ஊரே ஜோக்காகப் பேசியது. இந்தப் படம் அவரை ஜோக்கின் பொருளாக வைக்காமல், ஜோக் சொல்பவராக வைக்கிறது.

நடுவில் ஸ்பூஃப் எங்கே போச்சு?

2000-ல் வந்த 'ஸ்கேரி மூவி' 2 கோடி டாலருக்குள் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க 27 கோடிக்கு மேல் வசூலித்தது. அப்புறம் வரிசை கட்டின: 'டேட் மூவி', 'எபிக் மூவி', 'மீட் தி ஸ்பார்டன்ஸ்', 'டிஸாஸ்டர் மூவி'. 2006 முதல் 2008 வரை மூன்று வருஷத்துக்குள் இந்த நான்கும். ஜேசன் ஃப்ரீட்பெர்க், ஏரன் செல்ட்சர் என்ற இருவர் எழுதி இயக்கியவை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆரம்பத்தில் காசு வந்தது, பிறகு அதுவும் குறைந்தது.

இவற்றுக்கும் 'ஏர்ப்ளேன்!' படத்துக்கும் வித்தியாசம் எளிது. இவற்றில் ஜோக் என்பது, போன வருஷம் ஓடிய படத்தின் ஹீரோ மாதிரியே ஒருவர் வேஷம் போட்டு வருவார், அவர் தலையில் ஏதாவது விழும். அவ்வளவுதான். 'இது யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?' என்ற க்விஸ்ஸைக் காமெடி என்று விற்றார்கள். படம் எடுத்து வெளியிட ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அதே கிண்டலை யூட்யூபில் யாரோ மறுநாளே செய்து முடித்திருப்பார்கள். (இன்று நம் ஊர் மீம் பக்கங்கள் ட்ரெய்லர் வந்த அரை மணி நேரத்தில் செய்துவிடுகின்றன.)

இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் இதுதான் பெரியது. சீரியஸ் படங்களே தங்களைத் தாங்களே கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டன. '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' (2012) ரீபூட் எடுப்பதையே கிண்டல் செய்த ரீபூட். 'டெட்பூல்' (2016) கேமராவைப் பார்த்துப் பேசியது. மார்வெல் ஹீரோ உலகம் அழியும் நேரத்திலும் ஒரு பஞ்ச் அடித்துவிட்டுத்தான் குதிக்கிறார். தமிழிலும் பாருங்கள், 'குட் பேட் அக்லி' (2025) அஜித்தின் பழைய படங்களைத் தானே வரிசையாக எடுத்துக் காட்டியது, ஒவ்வொன்றுக்கும் விசில் பறந்தது. ஹீரோவே தன்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டால் ஸ்பூஃப்காரனுக்கு என்ன வேலை மிச்சம்?

2025-ல் எதை வைத்தார்கள், எதை மாற்றினார்கள்?

இயக்குநர் அகிவா ஷேஃபர். 'தி லோன்லி ஐலண்ட்' என்ற மூவர் குழுவில் ஒருவர். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் செய்து பேர் வாங்கியவர்கள். தயாரித்தவர்களில் ஒருவர் 'ஃபேமிலி கை' புகழ் சேத் மெக்ஃபார்லன்.

முதலில், மாறாதது. 1988 படத்தின் நீளம் 85 நிமிடம், 2025 படத்தின் நீளமும் அதே 85 நிமிடம். சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இன்றைய ஹாலிவுட்டில் இது அபூர்வம். இந்த வகை காமெடிக்கு இரண்டு மணி நேரம் தாங்காது, மூச்சு வாங்கும். நான்கு படங்களுக்கும் சென்சார் தரவரிசை ஒன்றுதான்: பிஜி-13. 'இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் ஜனங்கள் கோபப்படுகிறார்கள், இந்தக் காலத்தில் இப்படிப் படம் எடுக்கவே முடியாது' என்ற புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் படத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

இரண்டாவது, கிண்டல் செய்யப்படும் பொருள். 1988 படம் பெய்ரூட்டில் ஒரு ரகசியக் கூட்டத்தோடு தொடங்கும். அமெரிக்காவின் அன்றைய 'எதிரிகள்' எல்லாம் ஒரே மேஜையில்: கோர்பச்சேவ், கொமேனி, அராஃபத், கடாஃபி, இடி அமீன். ட்ரெபின் அத்தனை பேரையும் உதைக்கிறார். கோர்பச்சேவின் நெற்றியில் இருக்கும் மச்சத்தைத் துடைத்து அழிக்கிறார். 24 வயது சக ஊழியர் ஒருவரோடு இதைப் பார்த்தபோது நான் இரண்டு நிமிடத்தில் மூன்று முறை படத்தை நிறுத்தி யார் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. விளக்கிய பிறகு ஜோக்குக்கு உயிர் இல்லை. அதே படத்தில் ட்ரெபின் சட்டையில் குத்திய மைக்கைக் கழற்ற மறந்து டாய்லெட்டுக்குப் போகும் காட்சிக்கு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

புதுப்படம் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது மாதிரித் தெரிகிறது. வில்லன் ரிச்சர்ட் கேன் ஒரு டெக் கோடீஸ்வரர், மின்சாரக் கார் விற்பவர். யாரை நினைவுபடுத்துகிறார் என்று தெரியும், ஆனால் யாருடைய வேஷமும் இல்லை. நாளைக்கு வேறொரு கோடீஸ்வரர் வந்தாலும் பொருந்தும். அவர் தேடும் கருவியின் பெயர் 'ப்ளாட் டிவைஸ்'. கதையை நகர்த்துவதற்காகவே வைக்கப்படும் சாமானைத் திரைக்கதை எழுதுபவர்கள் அழைக்கும் பெயர் அது. கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். ஆரம்ப வங்கிக் கொள்ளைக் காட்சியில் பள்ளிச் சிறுமி ஒருத்தி உள்ளே வந்து முகமூடியைக் கழற்றினால், உள்ளே ஆறடி நாலு அங்குல நீசன். எந்த ஆக்‌ஷன் தொடரின் முகமூடிகளைக் கிண்டல் செய்கிறது என்று தெரியாவிட்டாலும் சிரிப்பு வரும், தெரிந்தால் கூடுதலாக வரும்.

போலீஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 1988-க்குப் பிறகு அமெரிக்காவில் போலீஸ் வன்முறை பற்றிய பேச்சு எவ்வளவோ மாறிவிட்டது. தப்பு செய்யும் போலீஸ்காரரை இனி செல்லமாகக் காட்ட முடியுமா என்ற கேள்வி இருந்தது. ஆனால் பழைய படத்தை மறுபடி பாருங்கள். பூங்காவில் 'ஜூலியஸ் சீசர்' நாடகம் போட்டுக்கொண்டிருந்த நடிகர்களை நிஜக் கொலைகாரர்கள் என்று நினைத்து ட்ரெபின் சுட்டுத் தள்ளியதாக ஒரு வசனம் அதிலேயே இருக்கிறது. இந்த ஆளிடம் துப்பாக்கி கொடுத்தது யார் என்பதுதான் 1988-லேயே ஜோக். புதுப்படம் அதற்குச் சட்டையில் மாட்டும் பாடி கேமராவைச் சேர்த்தது. விசாரணைக்காக அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தால், சில்லி டாக் சாப்பிட்ட வயிற்றோடு டாய்லெட் தேடி ஓடும் ட்ரெபினின் ஒரு நாள் முழுக்க அதில் இருக்கிறது. பழைய மைக் ஜோக்கின் பேரன் என்று சொல்லலாம்.

தப்பிக்கவே முடியாத ஒரு சங்கடமும் இருந்தது. முதல் மூன்று படங்களிலும் நார்ட்பெர்க் என்ற போலீஸ்காரராக நடித்தவர் ஓ.ஜே. சிம்ப்சன். மூன்றாவது படம் வந்து மூன்று மாதத்தில், அவருடைய முன்னாள் மனைவியும் இன்னொருவரும் கொல்லப்பட்ட வழக்கில் கைதானார். 1995-ல் விடுதலை ஆனார். பிறகு சிவில் வழக்கில் அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. புதுப்படத்தில் போலீஸ் மகன்கள் தத்தம் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று கண்கலங்குகிறார்கள். நார்ட்பெர்க்கின் மகன் தன் அப்பா படத்தைப் பார்க்கிறார், பிறகு நம்மைப் பார்க்கிறார், தலையை 'வேண்டாம்' என்று ஆட்டுகிறார். சில நொடிதான். முழு மௌனமும் இல்லை, பிரசங்கமும் இல்லை.

எல்லாமே எடுபட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசி அரை மணி நேரத்தில் கதையை முடிக்கும் அவசரத்தில் ஜோக் நெருக்கம் குறைகிறது. நடுவில் பனிமனிதனோடு காதலர்கள் மலை வீட்டில் கழிக்கும் விடுமுறைக் காட்சி வருகிறது. காதல் பாட்டு மான்டேஜாகத் தொடங்கி, உயிர் பெற்ற பனிமனிதனின் பொறாமையில், ஒரு ஹாரர் படமாக முடியும். எதையும் யாரையும் நேரடியாகக் கிண்டல் செய்யாத காட்சி. படத்திலேயே துணிச்சலானதும் அதுதான்.

டேவிட் ஸக்கரின் கோபமும் ஒரு சின்னக் கணக்கும்

தொடரின் மூத்த ஸக்கர், தன்னை விட்டுவிட்டு இதை எடுத்ததில் இருந்த அதிருப்தியைப் பேட்டிகளில் மறைக்கவே இல்லை. அவர் தன் குழுவோடு எழுதி வைத்திருந்த வேறொரு கதை ஸ்டூடியோவில் நகரவில்லை. அவர் வைத்த விமர்சனங்களில் ஒன்று, பெரிய பட்ஜெட்டும் காமெடியும் ஒத்துவராது என்பது.

இதைச் சரிபார்க்கலாம். புதுப்படத்தின் பட்ஜெட் சுமார் 4.2 கோடி டாலர், 2025 மதிப்பில் 370 கோடி ரூபாய் போல. 1988 படம் சுமார் 1.2 கோடியில் எடுக்கப்பட்டது. விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அது இன்றைக்கு 3.3 கோடி. 1991 படத்தின் 2.3 கோடி, இன்றைக்கு 5.4 கோடி. 1994 படத்தின் 3 கோடி, இன்றைக்கு 6.5 கோடி. ஆக, ஸக்கரின் காலத்திலேயே வந்த இரண்டாவது, மூன்றாவது படங்களைவிடப் புதுப்படம் உண்மை மதிப்பில் மலிவு. கோபத்தில் நியாயம் இருக்கலாம், இந்தப் புள்ளியில் எண்கள் அவர் பக்கம் இல்லை.

ஆனால் வசூலை அதே மாதிரி பிரித்தால் கொண்டாட்டமும் அடங்கிவிடுகிறது. டாலரை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணலாம். 1988 படம் அமெரிக்கா, கனடாவில் 7.9 கோடி டாலர் வசூலித்தது. அப்போது சராசரி டிக்கெட் 4 டாலரைக் கொஞ்சம் தாண்டும். அதாவது சுமார் 1.9 கோடி டிக்கெட். 1991-ல் 2 கோடிக்குக் கொஞ்சம் மேல். 1994-ல் சுமார் 1.2 கோடி. 2025 படம் அங்கே வசூலித்தது 5 கோடி டாலரைச் சற்றுத் தாண்டி. இன்றைய சராசரி டிக்கெட் 11 டாலர் அளவில் இருக்கிறது. சுமார் 46 லட்சம் டிக்கெட்.

அதாவது, மக்கள்தொகை கூடிய பிறகும், தியேட்டருக்கு வந்தவர்கள் 1988-ல் வந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. உலக வசூலான 10 கோடி டாலரில் தியேட்டர்களின் பங்கு ஏறக்குறைய பாதி போய்விடும். மீதி 5 கோடியில் பட்ஜெட்டைக் கழித்து, விளம்பரச் செலவையும் கழித்தால் தியேட்டரில் பெரிய லாபம் எதுவும் மிஞ்சாது. சில வாரங்களிலேயே படம் வீட்டு வாடகை டிஜிட்டலுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் 1982-ல் ஏபிசி தலைவர் சொன்ன காரணம் திரும்பி வருகிறது. வீட்டில் இன்று டிவி ஓடும்போது கையில் போனும் ஓடுகிறது. காதில் விழுந்தால் போதும் என்று எழுதப்பட்ட தொடர்களுக்கு அது பிரச்சினை இல்லை. திரையின் ஓரத்தில், யாரோ ஒருவர் மறுபடி மறுபடி ட்ரெபின் கையில் காபி கப்பைத் திணித்துக்கொண்டே இருப்பதுதான் ஜோக் என்றால், அரைக் கவனத்தில் அது தொலைந்துபோகும். இந்த வகைக் காமெடி தியேட்டர் இல்லாமல் நிற்குமா என்பது ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் இப்போது காசு போட்டுச் சோதிக்கும் கேள்வி. வயன்ஸ் சகோதரர்கள் திரும்ப வரும் புதிய 'ஸ்கேரி மூவி' 2026 ஜூனுக்கும், மெல் ப்ரூக்ஸ் 1987-ல் எடுத்த 'ஸ்பேஸ்பால்ஸ்' படத்தின் அடுத்த பாகம் 2027-க்கும் அறிவிக்கப்பட்டன.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'போலீஸ் ஸ்குவாட்!' ஆறு எபிசோடையும் மொத்தமாகப் பார்த்தாலே மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு ஞாயிறு மத்தியானம் போதும். அடுத்து 1988 படம், முதல் ஐந்து நிமிடத்தின் பெய்ரூட் கூட்டம் புரியாவிட்டால் கவலைப்படாமல் தாண்டிப் போங்கள். பிறகு நேராக 2025 படம். இரண்டாவது, மூன்றாவது பாகங்களை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். 2025 படத்தில் கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். அந்தப் பெயர்களுக்கு நடுவில் யாருடைய பெயரும் அல்லாத சில வரிகள் ஓடுகின்றன. நீசன் பாடவும் செய்கிறார்.